தபால் துரையும் தட்டான் மன்றமும்

தோற்பதற்கென்றே சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து, கடல் தாண்டி அடையாறு வரைக்கும் வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரை நாங்கள் தபால் துரை என்று கூப்பிட்டோம். நாங்கள் உள்ளூரிலேயே, வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்திலேயே தோற்றுக்கொண்டிருந்தவர்கள். அதனால் அவர்மேல் எங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

நாங்கள் என்றால் தட்டான் மன்றம். சிறகு வைத்துப் பறக்கிற தட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெயர்ப்பலகை மாட்டிய முதல் வாரமே ஒரு அம்மாள் அறுந்த சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து, "பத்த வெக்க எவ்ளோ நேரமாவும்? நான் இங்கியே குந்திக்கினு கீறேன்" என்றார். இது நகைக் கடை இல்லை, தட்டான்பூச்சி, குருவி, மரம் இதையெல்லாம் காப்பாற்றுகிற மன்றம் என்று விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூச்சியவா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் மன்றத்தைப் பற்றி இந்த ஊர் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

மன்றத் தலைவர் அன்வர் பாய். மயிலாப்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பார்க்க வருகிறவர்களைப் பலகையில் எழுத்துப் படிக்கச் சொல்லமாட்டார். ஜன்னலைத் திறந்து, "எதிர்த்த மாடி பைப்பு மேல என்ன பறவை உக்காந்திருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்பார். மைனா என்று சொன்னால் பார்வை பரவாயில்லை. காக்கா என்று சொன்னால் கண்ணாடி நிச்சயம். பறவையே இல்லையே என்று சொன்னவர்களிடம் அவர் அன்று முழுக்கப் பேசமாட்டார்.

செயலாளர் நான். பள்ளிப் புத்தகம், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் பிழை பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மன்றத்தின் நோட்டில் உறுப்பினர்கள் இருபது பேர். நேரில் நாங்கள் இரண்டு பேர்.

நாங்கள் எதையும் காப்பாற்றியதில்லை. சிட்டுக்குருவிக்குக் கூடு வைத்தோம், குளவி குடியேறியது. அன்வர் பாய்க்கு இரண்டு கண்ணும் வீங்கி, மூன்று நாள் கண்ணையே திறக்காமல் கண்ணாடிக் கடை நடத்தினார். ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, விடிகாலையில் ஓடிப்போய் அதைச் சுற்றிக் கைகோத்து நின்றோம். பத்து மணிக்குப் பக்கத்துத் தெருவில் ரம்பச் சத்தம் கேட்டது. நாங்கள் கட்டிக்கொண்டு நின்றது வேறு மரம். அது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. அதை வெட்ட வேண்டும் என்று யாரும் நினைத்ததே இல்லை.

கடைசியாக எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரு குளம். குளம் என்பது மன்றத்தின் மரியாதைச் சொல். குடியிருப்பவர்களுக்கு அது குட்டை. நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அதன் பின்பக்கச் சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவில், கோரைப்புல் மண்டிக் கிடந்தது. கரையில் பயன்படாத மோட்டார் ரூம் ஒன்று. அதுதான் எங்கள் அலுவலகம்.

அன்வர் பாயின் மகள் கல்லூரியில் படிக்கிறவள். வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கான ஓர் இணையதளத்தில் எங்களைப் பற்றி எழுதிப் போட்டுவிட்டாள்: "ஏரிக்கரை அலுவலகம். துடிப்பான குழு. உலகெங்கிலுமிருந்து ஆர்வலர்களை வரவேற்கிறோம்." ஒரு வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரராம். மனிதர்களைவிட ஆடுகள் அதிகமாக இருக்கிற அந்தத் தீவில் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவராம். தட்டான் என்றால் உயிராம். "எங்கள் தீவில் மொத்தம் ஆறு வகைதான். எண்ணி முடித்துவிட்டேன். மூன்று மாதம் வந்து உதவட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

வரட்டுமா என்று கேட்டவரை வராதே என்று சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை. ஜூன் மாதம் வந்து இறங்கினார். ஆறேகால் அடி உயரம், அறுபத்திரண்டு வயது, வேகவைத்த பீட்ரூட் நிறம். மோட்டார் ரூம் கதவு ஐந்தரை அடி. முதல் நாள் நெற்றியில் இடித்துக்கொண்டார். மறுநாளும் இடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் முதல் இடித்தவுடன் நிலைப்படியைப் பார்த்து "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார்.

"ஏரி எங்கே?" என்று கேட்டார்.

நான் ஜன்னலைக் காட்டினேன். அப்போது அந்த ஏரியில் இரண்டு எருமைகளும் பாதி முழுகிய ஒரு சோபாவும் இருந்தன. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சோபாவின் கைப்பிடியருகே மூக்கை வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துச் சேறும் சிரிப்புமாகக் கரையேறினார். "எங்கள் தீவு முழுக்க ஆறு. உங்கள் சோபாவில் மட்டும் பதினொன்று" என்றார்.

தங்குவதற்கு அன்வர் பாய் கடை மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குத் தினமும் நடந்தே வருவார். இதை ஆட்டோக்காரர்கள் தங்கள் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். வண்டியை அவர் கூடவே உருட்டிக்கொண்டு வந்து, "சார், சும்மாவாச்சும் ஏறு சார். பாக்கவே பேஜாரா கீது" என்று கெஞ்சுவார்கள். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

வந்து ஒரு வாரம் வரைக்கும் அவர் வெறும் துரைதான். தபால் துரை ஆனது எட்டாம் நாள்.

எங்கள் குடியிருப்பில் வாட்ச்மேன் முனுசாமியின் மேஜை ஒன்று உண்டு. எங்கள் ஊர்த் தபால்காரர் நல்ல மனிதர். ஆனால் லிஃப்ட் வேலை செய்யாத ஒரு மழைக்காலத்தில் தபாலையெல்லாம் அந்த மேஜையில் வைக்கத் தொடங்கியவர், லிஃப்ட் சரியான பிறகும் அப்படியே விட்டுவிட்டார். கேட்க ஆளில்லை. இந்தக் காலத்தில் யாருக்குக் கடிதம் வருகிறது? வங்கிக் காகிதம், இன்ஷூரன்ஸ் நோட்டீஸ், எப்போதோ நடந்து முடிந்த கல்யாணத்தின் பத்திரிகை என்று இரண்டு வருடத்துத் தபால் அங்கே மலையாகக் குவிந்திருந்தது. அதன் உச்சியில் முனுசாமி டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிடுவார்.

அதுவரை பின்வாசல் வழியாகவே குளத்துக்கு வந்துபோன துரை, அன்று முன்வாசல் வழியாக வந்தவர், அந்த மேஜையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். நடுரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவரைப் பார்த்ததுபோல் அவர் முகம் மாறியது.

"இது என்ன?"

"தபால்" என்றேன்.

"யாருடையது?"

"எல்லாருடையதும்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முனுசாமி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அன்றைக்குத் தட்டான் எண்ணவில்லை. சாயங்காலம் வரைக்கும் மலையின் உச்சியை மட்டும் பிளாக் வாரியாக, மாடி வாரியாக, வீடு வாரியாகப் பிரித்தார். தமிழில் எழுதியிருந்த முகவரிகளை முனுசாமி படித்துச் சொன்னார். மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டப் புறப்பட்டார். தினமும் ஏழு மணிக்குத் தபால், எட்டு மணிக்குக் குளம். அதற்குப் பிறகு ஒரு நாளும் இது மாறவில்லை.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவர் முனுசாமியிடமிருந்துதான் தமிழ் கற்றுக்கொண்டார். கதவைத் திறந்த மாமிகளுக்கெல்லாம் அந்த ஆறேகால் அடி வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "இன்னா யக்கா, உனக்கு லெட்டர் கீது" என்றார். பி பிளாக் கமலா மாமி முதல் நாள் கதவைச் சாத்திவிட்டார். இரண்டாம் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் மோர் கொடுத்தார். அந்த மாதக் கடைசியில், மாமிக்குத் தபால் இல்லாத நாளில், "ஏன் துரை, எனக்கு ஒண்ணுமே வரலையா?" என்று வாசலில் நின்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

மலையின் அடிவாரத்தை எட்டிய அன்றுதான் அந்தக் கவர் கிடைத்தது. பழுப்பு நிறக் கவர். 'செயலாளர், தட்டான் மன்றம், மோட்டார் ரூம்' என்று முகவரி. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

பிரித்துப் படித்தேன். குடியிருப்போர் சங்கம் குளத்தை மூடிக் கார் நிறுத்துமிடம் கட்ட விண்ணப்பித்திருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும் என்று இருந்தது. அந்த முப்பது நாள் முடிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அந்த மேஜையை நான் தினமும் கடந்துதான் போவேன். என் பெயருக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு நாள்கூடக் கையை விட்டுத் துழாவியதில்லை. ஊராருடைய பிழையெல்லாம் சிவப்பு மையில் சுழித்துத் தள்ளுகிறவள் நான்.

துரை கவரிலிருந்த தபால் முத்திரைத் தேதியை விரலால் தடவினார். "முப்பத்தொரு வருடத்தில் என் பையில் ஒரு கடிதம்கூடத் தாமதமானதில்லை" என்றார். "இந்தக் கவர் இங்கே கிடந்தபோது நான் ஊரில் ரோஜாச்செடி வெட்டிக்கொண்டிருந்தேன்." அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்குச் சம்பந்தம் இருந்தது.

மறுநாள் நாங்கள் மூவரும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கோப்பைப் புரட்டினார். "தேதி முடிஞ்சு போச்சேம்மா" என்றார். உடனே துரை எழுந்து நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் நீளமாக மன்னிப்புக் கேட்டார்.

"இவர் எதுக்கு மன்னிப்புக் கேக்கறார்?"

"தபால் லேட்டானதுக்கு" என்றார் அன்வர் பாய்.

"இவரா லேட் பண்ணார்?"

"இல்லீங்க. இவர் ஸ்காட்லாந்துல போஸ்ட்மேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்வர் பாய் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உங்களுக்கு பவர் மாறியிருக்கு சார், ஒரு தடவ கடைப்பக்கம் வாங்க" என்றார். எதனால் என்று தெரியவில்லை, அதிகாரி இளகிவிட்டார். "ஒரே வழிதான் இருக்கு. விண்ணப்பிச்சது உங்க சங்கம். அவங்களே பொதுக்குழுல ஓட்டுப் போட்டு வேண்டாம்னு தீர்மானம் குடுத்தா, ஃபைலைத் திருப்பி அனுப்பிடறேன்" என்றார்.

வெளியே வந்ததும் துரை துள்ளிக் குதித்தார். பொதுக்குழு என்றால் வீடுகள். வீடுகள் என்றால் கதவுகள். நூற்றுப் பன்னிரண்டு கதவும் தனக்குத் தெரியும் என்றார். பொதுக்குழுவுக்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் குளத்துக்கு வரவழைத்துச் சுத்தம் செய்யலாம், ஒரு தடவை வந்து பார்த்தவர்கள் அதை மூடவிட மாட்டார்கள் என்றார். வாட்ஸ்அப் குழுவில் போடலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்த யோசனையை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். கையால்தான் எழுத வேண்டும். தமிழில்தான் எழுத வேண்டும். அவர்தான் எழுத வேண்டும்.

நான் மாதிரி எழுதிக் கொடுத்தேன்: "தட்டான் மன்றம் அழைக்கிறது. நம் குளம் அழிகிறது. குளத்தைக் காக்க ஞாயிறு காலை ஏழு மணிக்கு மோட்டார் ரூமுக்கு வாருங்கள்."

முப்பது கடிதம் அதைப் பார்த்துப் பார்த்துச் சித்திரம்போல எழுதினார். பிறகு மனப்பாடமாகிவிட்டது, மாதிரி வேண்டாம் என்று மடித்து வைத்துவிட்டார். 'ள' எழுதக் கஷ்டமாக இருந்ததாம், 'ல' சுலபமாம். முனுசாமியைக் கேட்டிருக்கிறார். "ரெண்டும் ஒண்ணுதான் நைனா, எது கைக்கு வருதோ அத்த எழுது" என்று முனுசாமி அனுமதி கொடுத்திருக்கிறார்.

மிச்சம் எல்லாக் கடிதத்திலும் 'நம் குலம் அழிகிறது. குலத்தைக் காக்க வாருங்கல்' என்று போய்விட்டது.

எனக்கு விஷயம் தெரிந்தது, சங்கச் செயலாளர் வெங்கட்ராமன் போன் செய்தபோதுதான். "என்ன மேடம் இது? அபார்ட்மெண்ட்டுக்குள்ள ஜாதிச் சங்கம் ஆரம்பிச்சுட்டேளா? ஆத்துக்கு ஆத்து நோட்டீஸ் போட்டிண்டிருக்கார் அந்த மனுஷர்!" எனக்கு அங்கேயே பூமி பிளந்து வழி விட்டால் தேவலை என்றிருந்தது. ஒரே எழுத்து. அதுவும் என் மன்றத்தின் பெயரில்.

ஞாயிறு காலை ஏழு மணி. நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. ஏழே காலுக்கு, வெள்ளை வேட்டி கட்டிய பதினான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள். மயிலாப்பூர் நகைப் பட்டறைக்காரர்கள். துரை நடந்து வருகிற வழியில்தான் அவர்கள் பட்டறைகள். வழியில் இருக்கிற வீட்டை விட்டுவிட்டுப் போவது தபால்காரனுக்கு அழகில்லை என்று அங்கேயும், வழிப் படம் வரைந்து, கடிதம் போட்டிருக்கிறார்.

முன்னால் நின்ற பெரியவர், "யாரும்மா இங்க செயலாளர்?" என்றார்.

"நான்தாங்க."

"நம்ம குலத்துக்கு என்னம்மா ஆச்சு?"

"ஐயா, மன்னிக்கணும். அது குலம் இல்லீங்க, குளம். பெரிய ள. தட்டான்னா இங்க பூச்சிங்க."

பெரியவர் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற பதின்மூன்று பேரையும் பார்த்தார். "ஒரு எழுத்துக்காகவா கோயிலுக்குக்கூடப் போகாம வந்தோம்?" என்றார். அந்த நேரத்தில் துரை மோட்டார் ரூமிலிருந்து வெளியே வந்தார். வழக்கம்போல நெற்றியில் இடித்துக்கொண்டார். பதினான்கு பேரைக் கண்டதும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வா நைனா! வந்துட்டியா! ஷோக்கா கீது!" என்று பெரியவரைக் கட்டிக்கொண்டார்.

பெரியவர் அந்த நீளக் கைகளுக்குள் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தார். "சரிடா, வந்தது வந்துட்டோம். வேட்டிய மடிச்சுக் கட்டுங்க" என்றார்.

மன்றத்தின் வரலாற்றில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. சோபா வெளியே வந்தது. இரண்டு டயர், ஒரு வாஷிங் மெஷின், கணக்கில்லாத பிளாஸ்டிக். வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது. கோரைத் தண்டு ஒன்றில் அப்போதுதான் தோலை உரித்துக்கொண்டு வந்த தட்டான் ஒன்று சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. பெரியவர் கிட்டப் போய்க் குனிந்து, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "இந்தக் கம்பி வேலைய எவன்டா பண்ணான்?" என்று மெதுவாகக் கேட்டார். துரைக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் தானே செய்ததுபோல வெட்கப்பட்டார்.

மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். கமலா மாமி ஃபிளாஸ்கில் காபி கொடுத்தனுப்பினார். நானும் அன்று ஜெயித்துவிடுவோம் என்று நம்பினேன். அனுபவம் போதாது.

அடுத்த ஞாயிறு பொதுக்குழு. அறுபத்தொரு பேர் வந்திருந்தார்கள். முதல் நிகழ்ச்சியாகத் தபால் துரைக்குப் பாராட்டு. வெங்கட்ராமன் பொன்னாடை போர்த்தினார். "நம்மாத்துத் தபாலையெல்லாம் கொண்டுவந்து குடுத்துண்டு, நம்மள்ள ஒருத்தரா ஆயிட்டார்" என்றார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. ஒருவர் எழுந்து, தன் தம்பி எழுதிய கடிதம் ஒன்றரை வருடம் கழித்து இவரால்தான் கைக்கு வந்தது, அண்ணன் தம்பி இப்போது பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரை எழுந்து, எழுதிப் பழகி வைத்திருந்த தமிழில் நான்கு வரி பேசினார். 'குளம்' என்கிற இடத்தில் நிறுத்தி, நாக்கை மடித்து, பெரிய ள-வைச் சுத்தமாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு இரண்டாவது நிகழ்ச்சி. குளத்தை மூட வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம்.

ஒன்பது கைகள். அதில் ஒன்று என்னுடையது. அவ்வளவு நேரம் கைதட்டியவர்கள் கை தூக்கவில்லை. தம்பி கடிதத்துக்கு அழுதவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலா மாமியின் கைகள் மடியிலேயே இருந்தன.

கூட்டம் கலைந்ததும் மாமி எங்களிடம் வந்தார். "துரை, கோச்சுக்காதேங்கோ. என் பிள்ளை பெங்களூர்லேர்ந்து வந்தா கார் விட எடமில்லாம ரெண்டு மணி நேரத்துல கிளம்பிடறான். எடம் இருந்தா ரெண்டு நாள் தங்குவான், இல்லையா?" நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, "பரவால்ல யக்கா. நாளைக்கு உனக்கு லெட்டர் கீது" என்றார். மறுநாள் ஏழு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தார்.

அடுத்த வாரம் லாரிகள் வந்தன. கட்டட இடிபாட்டைக் கிழக்குக் கரையிலிருந்து கொட்டிக்கொண்டே வந்தார்கள். துரையும் முனுசாமியும் மேற்குப் பக்கம் இறங்கி, தண்ணீருக்குள் இருக்கும் தட்டான் குஞ்சுகளை வாளி வாளியாக அள்ளினார்கள். அன்வர் பாய் அதையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கடை மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி ஒன்றில் விட்டார். கூப்பிட்டபோதெல்லாம் ஏறாத துரை, அன்று வாளிகளுக்காக எல்லா ஆட்டோவையும் கை காட்டி நிறுத்தினார். நாலரை மணிக்கு அள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை.

மோட்டார் ரூம் படியில் வந்து உட்கார்ந்தார். காலைக் கழுவிவிட்டு ஷூ போட்டுக்கொண்டார். கயிற்றை முடிச்சுப் போடப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். மூன்றாவது தடவை கயிற்றைக் கையில் பிடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மூன்று மாதத்தில் அவர் சோர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது தபால் விஷயத்தில் மட்டும்தான். இது வேறு. இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முனுசாமி வந்து அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "குடு நைனா, நான் கட்டறேன்" என்று ஒரு ஷூவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "அழுவாத. எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்."

விசா முடிய இரண்டு நாள் இருந்தது. விமான நிலையத்துக்கு நானும் அன்வர் பாயும் போனோம். வாசலில் துரை அன்வர் பாயைக் கட்டிக்கொண்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "அடுத்த வருடம் எந்தக் குளம்?" என்று கேட்டார். எங்களிடம் வேறு குளம் கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுதறேன்" என்றேன்.

அக்டோபரில் முதல் மழைக்கு முன்னால் தட்டான்கள் வந்தன. எப்போதும் வருகிற நாளுக்கு, வருகிற இடத்துக்கு வந்தன. அங்கே சிமெண்ட் கற்கள் பதித்து, மஞ்சள் கோடு போட்டு, கார்கள் வரிசையாக நின்றன. வெங்கட்ராமன் போன் செய்தார். "மேடம், உங்க பூச்சியெல்லாம் என் காரைச் சுத்திண்டிருக்கு. வாலால தட்டித் தட்டி எழுந்துக்கறது. ஏதாவது மருந்து அடிக்கலாமா?"

"மருந்தெல்லாம் வேண்டாம் சார். பளபளன்னு இருக்கறதால தண்ணின்னு நெனைச்சுக்குது. முட்டை போடுது."

"கார் மேலயா?" என்றார்.

"ஆமா சார்."

மறுநாளிலிருந்து அவர் காருக்கு உறை போட்டு மூடிவிட்டார். காருக்காகவா, பூச்சிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

மாடித் தொட்டியில் விட்ட குஞ்சுகளில் மூன்றுதான் சிறகு முளைத்துப் பறந்தன. கண் பரிசோதனைக்கு வந்த ஒருவரை அன்வர் பாய் மேலே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாராம். மன்றத்துக்கு இப்போது அறை கிடையாது, பலகை கிடையாது, குளம் கிடையாது. அந்த வெள்ளைக்காரர் வந்து என்னதான் சாதித்தார் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அந்த மூன்றைத் தவிர ஒன்றுமில்லை. மூன்று என்றால் சிரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் செய்கிறார். அந்தத் தீவில் ஓயாத காற்று. பேச்சில் பாதியை அதுவே கொண்டுபோய்விடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் நன்றாக இருக்காது என்று, புரியாத இடங்களிலெல்லாம் நான் சரி, சரி என்கிறேன். எதற்கெல்லாம் சம்மதம் சொல்லியிருக்கிறேனோ தெரியவில்லை. எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான்.